கீல் வாங்கும் முன்: சட்டமில்லாத கேபினெட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: முன்பக்கச் சட்டம் இல்லாமல், 18 மி.மீ. பிளைவுட்டில் வெறும் பெட்டியாக அடுக்களை கேபினெட் நானே செய்கிறேன். கீல் வாங்கப் போனால் "0 கிராங்கா, 8-ஆ, 16-ஆ?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: கிராங்க் என்பது கீலின் கையில் உள்ள வளைவு. கதவு எங்கே நிற்கப் போகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு தாளில் பெட்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, கீல் வரும் பலகையின் விளிம்பைக் கதவு எத்தனை மி.மீ. மூடும் என்று எழுதுங்கள். அந்த எண்தான் கிராங்கைத் தீர்மானிக்கும்.

ஓரத்துப் பலகையின் 18 மி.மீ. விளிம்பில் கதவு 16 அல்லது 16.5 மி.மீ. மூடினால் 0 கிராங்க். அதன் கை நேராக இருக்கும். நடுத் தடுப்பின் ஒரே விளிம்பை இரண்டு கதவுகள் பங்கு போட்டுக்கொண்டால் கணக்கு வேறு: 18-இல் நடு இடைவெளி 3 போக மீதி 15, ஆளுக்கு 7.5 மி.மீ. அங்கே 8 கிராங்க் (சில கம்பெனிகளில் 9). கதவு பெட்டிக்குள்ளேயே அடங்கி, பலகை விளிம்போடு மட்டமாக நிற்க வேண்டுமானால் 16 கிராங்க். இதன் கை நன்றாக வளைந்திருக்கும், பார்த்தாலே தெரியும்.

பலர் தவறுவது ஓரிடத்தில். கணக்கில் வருவது கீல் மாட்டும் பக்கம் மட்டுமே, கதவின் மறுபக்கம் அல்ல. இரண்டு தடுப்பும் மூன்று கதவும் உள்ள கேபினெட்டில் முதல் கதவு இடது ஓரத்திலும், மூன்றாவது வலது ஓரத்திலும், நடுக் கதவு ஒரு தடுப்பிலும் தொங்கினால் 0 கிராங்க் இரண்டு ஜோடி, 8 கிராங்க் ஒரு ஜோடி வேண்டும். மொத்தமாக ஒரே வகையை வாங்கிவிட்டால், நடுக் கதவு பக்கத்துக் கதவின் மேல் ஏறி இடிக்கும். திருகைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

முதல் முறை செய்பவர்களுக்கு எங்கள் யோசனை: தடுப்பு வைத்த ஒரு பெரிய பெட்டிக்குப் பதில், தனித்தனிப் பெட்டிகள் செய்து பக்கவாட்டில் திருகி இணையுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் சொந்தமாகப் பக்கப் பலகை இருப்பதால் எல்லாமே 0 கிராங்க். பலகை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் குழப்பம் போய்விடும்.

கேள்வி: கதவில் கீலின் கிண்ணத்துக்குக் குழி எங்கே, எவ்வளவு ஆழம்? ஒரு கதவை ஓட்டை போட்டே கெடுத்துவிட்டேன்.

பதில்: கிண்ணம் என்பது கதவுக்குள் இறங்கும் கீலின் வட்டப் பகுதி. அதன் விட்டம் 35 மி.மீ. கதவு விளிம்புக்கும் குழியின் ஓரத்துக்கும் நடுவே வழக்கமாக 3 முதல் 6 மி.மீ. விடுவார்கள். 4 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் குழியின் மையம் விளிம்பிலிருந்து 4 + 17.5 = 21.5 மி.மீ. இந்த இடைவெளியை 1 மி.மீ. கூட்டினால் கதவு பலகையை 1 மி.மீ. அதிகம் மூடும். பேஸ் பிளேட்டின் (பெட்டியின் பலகையில் திருகி, கீலின் கையை மாட்டும் தகடு) உயரம் 2 மி.மீ. கூடினால் 2 மி.மீ. குறைவாக மூடும். கீலோடு வரும் தாளில் உள்ள அட்டவணை சொல்வதும் இதைத்தான். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆழம் பெரும்பாலும் 12 முதல் 13 மி.மீ. உங்கள் கதவு 16 மி.மீ. என்றால் குழிக்கு அடியில் மூன்று மி.மீ.தான் மிஞ்சும். டிரில் பிட்டின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அதைத் துளைத்து முன்பக்க லேமினேட்டில் எட்டிப் பார்க்கும். ஓட்டை விழுந்தது பெரும்பாலும் இப்படித்தான். நடுமுனை குட்டையாக உள்ள, கீலுக்கென்றே விற்கும் 35 மி.மீ. பிட்டை வாங்குங்கள். ஆழ நிறுத்தியை மாட்டி, அதே தடிமனுள்ள வேஸ்ட் துண்டில் ஒரு குழி போட்டுப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். லேசாகப் புடைத்திருந்தாலும் ஆழத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் கிண்ணத்தின் காது (திருகு போடும் தட்டையான பக்கப் பகுதி) கதவோடு ஒட்டி உட்காரும் அளவுக்காவது ஆழம் வேண்டும்.

பக்கப் பலகையில் பேஸ் பிளேட்டின் திருகுகள் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, செங்குத்தாக 32 மி.மீ. இடைவெளியில் வரும். உள்ளடங்கிய கதவானால் கதவின் தடிமனையும் கூட்டுங்கள்: 37 + 18 = 55. கதவு 1 மி.மீ. உள்வாங்கி நிற்க வேண்டுமானால் 56.

கதவிலும் பலகையிலும் தனித்தனியே டேப் பிடித்து அளந்தால் எங்காவது பிசகும். ஒரு மரச்சட்டத்தில் கீல்களின் மையத்தைக் குறித்து, அதையே இரண்டிலும் வைத்துக் கோடு போடுங்கள். கதவின் அடி, பெட்டியின் அடியைவிட 1.5 மி.மீ. மேலே நிற்கும் என்றால், பலகையில் சட்டத்தை அந்த 1.5 மி.மீ. உயர்த்தி வைக்க வேண்டும்.

இன்னொன்று: பொதுத் தடுப்பின் இருபுறமும் நேருக்கு நேராகப் பேஸ் பிளேட் வைத்தால், 16 மி.மீ. திருகுகள் 18 மி.மீ. பலகைக்குள் ஒன்றையொன்று முட்டும். ஒரு பக்கத்துக் கீலை 50 மி.மீ. மேலோ கீழோ தள்ளிவிடுங்கள்.

கேள்வி: 2100 மி.மீ. உயரம், 600 மி.மீ. அகலத்தில் 18 மி.மீ. எம்.டி.எஃப். அலமாரிக் கதவு. மூன்று கீல் போதுமா? உள்ளே கண்ணாடியும் ஒட்டலாமா?

பதில்: போதாது. 18 மி.மீ. எம்.டி.எஃப். சதுர மீட்டருக்குச் சுமார் 13.5 கிலோ. உங்கள் கதவு 1.26 சதுர மீட்டர், ஆக 17 கிலோ. இதற்கு நான்கு கீல் குறைந்தபட்சம், ஐந்து போட்டால் நிம்மதி. 900 மி.மீ. உயரம் வரை இரண்டு, 1600 வரை மூன்று என்பது பொதுக் கணக்கு, ஆனால் எடையும் அகலமும் கூடினால் அது செல்லாது. கதவு தன் எடையால் மேல் கீலைப் பிடுங்கவே பார்க்கும். ஆகவே கூடுதல் கீலை நடுவில் வைக்காமல் மேல் கீலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. முழு உயரத்துக்கு ஒட்டினால் கதவு 30 கிலோவை நெருங்கும். வேண்டாம். கண்ணாடியைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதவை மூடினால் ஒரு விரல் அளவு திறந்துகொண்டே நிற்கிறது. கீல் பழுதா?

பதில்: கீலை மாற்றும் முன், பேஸ் பிளேட்டின் திருகுகள் பலகையின் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். 37-க்குப் பதில் 40-இல் திருகியிருந்தால் கதவு பின்னால் இழுபட்டு, கீல் பக்கத்தில் பலகை விளிம்பை இடிக்கும். முழுதாக மூட இடமில்லாமல் துள்ளித் திறக்கும். கீலின் பின்பக்கத் திருகைத் தளர்த்திக் கதவை 2 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள். மூடியபின் கதவுக்கும் விளிம்புக்கும் நடுவே 1 மி.மீ.யாவது தெரிய வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிளேட்டைக் கழற்றி மாட்டுவதே வழி. முன்பக்கத் திருகு கதவை இடம் வலமாக நகர்த்தும், பிளேட்டில் உள்ளது மேலும் கீழுமாக. முதலில் உயரம், பிறகு பக்கம், கடைசியில் ஆழம் என்ற வரிசையில் போனால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

ஆனால் பெட்டியே கோணலாக இருந்தால் எந்தத் திருகும் உதவாது. பெட்டியின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக இருக்கும்போது பின்பலகையை அடியுங்கள்.

கேள்வி: கைப்பிடி இல்லாமல், அழுத்தினால் திறக்கும் கதவு வேண்டும். சாஃப்ட் குளோஸ் கீல் (கதவைச் சத்தமில்லாமல் மெதுவாக மூடுவது) போடலாமா?

பதில்: சாதாரண அழுத்துத் தாழ்ப்பாளோடு வேண்டாம். தாழ்ப்பாள் வெளியே தள்ளும், கீலின் ஸ்பிரிங் உள்ளே இழுக்கும். ஸ்பிரிங் இல்லாத கீல் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பார்ட்டிகிள் போர்டில் பேஸ் பிளேட் திருகு லொடலொடவென்று ஆடுகிறது. பெரிய திருகு போடட்டுமா?

பதில்: பெரிய திருகு சில மாதம் தாங்கும், பிறகு போர்டையே உதிர்த்துவிடும். பழைய துளையை 8 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள். 16 அல்லது 18 மி.மீ. போர்டில் 12 மி.மீ. ஆழம் போதும். 8 மி.மீ. மர டவலை (உருண்டையான மரக் குச்சி) அந்த ஆழத்துக்கு வெட்டி, பசை தடவி அடித்து இறக்குங்கள். ஓர் இரவு காயவிட்டு, மட்டமாகச் சீவி, 2.5 மி.மீ. முன்துளை போட்டு அதே 3.5 × 16 திருகைக் கையால் முறுக்குங்கள். பவர் டிரில்லில் முறுக்கினால் கடைசி அரைச் சுற்றில் மறுபடி பிய்ந்துவிடும்.