அம்மாவுக்கு மூக்கில் டியூப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. 9 வருடமாக அல்சைமர். ஒரு வருடத்துக்கு மேல் படுத்த படுக்கைதான், எங்கள் யாரையும் அடையாளம் தெரிவதில்லை. இந்த வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா. இப்போது சோற்றை வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறார், விழுங்கினால் புரையேறுகிறது. மூக்கு வழியாக டியூப் போடலாம், இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு வைக்கலாம் என்கிறார்கள். அக்கா போடச் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. போடாவிட்டால் பெற்றவளைப் பட்டினி போட்ட பாவம் வருமா டாக்டர்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களைத் தூங்க விடாமல் வைத்திருக்கும். வராது. அல்சைமர் முதலில் ஞாபகத்தில் கை வைக்கிறது, அப்புறம் பேச்சு, நடை, கடைசியில் விழுங்குவதையும் மூளை மறந்துவிடுகிறது. சாப்பாடு நின்றதால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பாடு நின்றிருக்கிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பசியும் நாம் நினைக்கிற மாதிரி இருப்பதில்லை.

ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் சரிசெய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்: நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பல் ஈறு வீங்கியிருக்கிறதா. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரையின் அளவு, இவற்றில் ஒன்று சரியானாலே மறுபடி நாலு வாய் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி டியூப். முற்றிய மறதி நோயில் அது ஆயுளைக் கூட்டுவதாக இதுவரை நிரூபணம் இல்லை. நிமோனியாவையும் தடுக்காது, ஏனென்றால் சொந்த எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் நுரையீரலுக்குள் இறங்குவதை எந்த டியூபும் நிறுத்துவதில்லை. படுக்கைப் புண்ணும் இதனால் ஆறுவதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-லேயே இந்த நிலையில் டியூப் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்று சொல்லிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி. டியூபைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார் என்று இரண்டு கையையும் பஞ்சு வைத்துத் துணியால் சுற்றி, கட்டில் கம்பியோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. மகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சிரிஞ்சில் 200 மில்லி கஞ்சி விட்டுக்கொண்டிருந்தார், அவர் கண் சிரிஞ்சிலும் கடிகாரத்திலும்தான் இருந்தது, அம்மா முகத்துக்குப் போகவே இல்லை. அந்த டியூபைப் போடச் சொல்லி எழுதியவன் நான். இன்று எழுத மாட்டேன்.

அதற்காக டியூபே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவர்களில் பலருக்குச் சில வாரங்களில் அது திரும்பிவிடும், அதுவரை டியூப்தான் காப்பாற்றுகிறது. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கும் அப்படியே. உங்கள் அம்மாவின் நிலை வேறு.

கையால் எப்படி ஊட்டுவது? அம்மா நன்றாக விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அரைத்தூக்கத்தில் ஊட்டவே வேண்டாம். தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள், முகவாய் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர், காபி மாதிரி ஓடுவதுதான் சீக்கிரம் புரையேறும், அதனால் கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், மிக்ஸியில் அடித்த தயிர்சாதம். டீஸ்பூனில் பாதி. தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. நாலு ஸ்பூனில் வாயை மூடிக்கொண்டால் அந்த வேளைக்கு அவ்வளவுதான். முடிந்ததும் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். இவ்வளவு செய்தும் எடை குறையும், மறுபடி சளி கட்டலாம், இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒன்றுமே வாங்காத நாள் வந்தால் ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டுக்கொண்டே இருங்கள், அந்த நேரத்தில் பெரும்பாலும் தொந்தரவு செய்வது வறண்ட வாய்தான். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பால் ஊற்றுவார்கள். ஊற்ற விடாதீர்கள், மூச்சுக் குழாயில் இறங்கித் திணறிவிடும். விரலில் தொட்டு உதட்டில் தடவச் சொல்லுங்கள், அதுவும் பால் ஊற்றியதுதான்.

வேண்டாம் என்றால் சட்டப்படி சிக்கல் வருமா என்ற பயமும் இருக்கலாம். குணமாகாத கடைசிக் கட்டத்தில் உயிரை நீட்டிக்க மட்டும் செய்யும் சிகிச்சையை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது, 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. குடும்பமாகப் பேசி, எடுத்த முடிவை டாக்டரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது வலியையும் தொந்தரவையும் குறைக்கும் சிகிச்சை, தருகிறார்கள், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அக்காவோடு போனில் சண்டை போடாதீர்கள். அவரும் அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறார். இரண்டு நாள் வந்து தங்கி, ஒரு வேளை அவர் கையால் ஊட்டட்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போய் டாக்டரிடம் கேளுங்கள்: டியூப் போட்டால் அம்மா எந்த விதத்தில் தேறுவார், அவரே பிடுங்கிவிட்டால் கையைக் கட்டிப் போடுவீர்களா?