85 மில்லிமீட்டர் இடைவெளி: சீனா, ரஷ்யா, நடுவில் இருக்கும் நாடுகள் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சீனாவும் ரஷ்யாவும் தங்கள் அண்டைப் பகுதிகளில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 2022 பிப்ரவரியில் இரு நாடுகளும் “எல்லையற்ற நட்பு” என்று அறிவித்தன. அப்படியிருக்க, இவற்றுக்கிடையே போட்டி இருக்கிறது என்று எழுதுவது மேற்கு நாடுகளின் ஆசைதானே?

ஓரளவுக்கு உங்கள் ஐயம் நியாயமானது. இரு நாடுகளும் நாளையே மோதிக்கொள்ளும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் விருப்பத்தைத்தான் எழுதுகிறார்கள். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றிலுள்ள தமான்ஸ்கி தீவில் (சீனர்களுக்கு அது சென்பாவ்) இரு நாட்டுப் படைகளும் சுட்டுக்கொண்டதையும், அதன் பிறகு இருபது ஆண்டுகள் எல்லையில் படைகளைக் குவித்து வைத்திருந்ததையும் இரு தலைநகரங்களும் மறக்கவில்லை. ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் எல்லையை அமைதியாக வைத்திருப்பதால் கிடைக்கும் மிச்சம் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் நட்பு இருந்தால் போட்டி இராது என்பது சரியல்ல. இவர்களுடைய போட்டி எரிவாயு விலையிலும், ரயில் பாதையின் அகலத்திலும், எந்தத் துறைமுகம் வழியாக எண்ணெய் போக வேண்டும் என்பதிலும் நடக்கிறது. கூட்டறிக்கைகளில் அது தென்படாது. ஆண்டுக்கணக்கில் கையெழுத்தாகாமல் கிடக்கும் ஒப்பந்தங்களில்தான் தென்படும்.

கேள்வி: மத்திய ஆசியாவில் ரஷ்யாவின் இடத்தைச் சீனா பிடித்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

வணிகத்தில் பெருமளவு உண்மை, மற்றவற்றில் இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2009 டிசம்பர் வரை துர்க்மெனிஸ்தானின் எரிவாயு, ஈரானுக்குப் போன சிறு பங்கு நீங்கலாக, சோவியத் காலக் குழாய்கள் வழியாக ரஷ்யாவுக்குத்தான் போக முடியும். விலையை மாஸ்கோ நிர்ணயித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அந்தக் குழாய் வெடித்தது. ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான கேஸ்ப்ரோம் முன்னறிவிப்பின்றிக் கொள்முதலைக் குறைத்ததே காரணம் என்று துர்க்மெனிஸ்தான் குற்றம் சாட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் வழியாகச் சீனாவின் மேற்கு மாகாணமான சின்ஜியாங்குக்குச் செல்லும் குழாய் திறக்கப்பட்டது. ரஷ்யாவின் பிடி அந்த இடத்தில் விட்டுப்போனது. ஆனால் துர்க்மெனிஸ்தானுக்குக் கிடைத்தது சந்தை அன்று. ஒரே வாங்குபவருக்குப் பதிலாக இன்னொரு ஒரே வாங்குபவர்.

கசகஸ்தானின் கதை இதைவிடச் சுவையானது. 2022 ஜனவரியில் அங்கே கலவரம் வெடித்தபோது, அதிபர் தோகாயேவின் அழைப்பின் பேரில் ரஷ்யத் தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு அமைப்பின் படைகள் ஓரிரு நாளில் வந்து இறங்கின. சில நாள்களில் திரும்பியும் போய்விட்டன. அடுத்த ஜூன் மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநாட்டு மேடையில், புதினை அருகில் வைத்துக்கொண்டே, உக்ரைனின் தொனேத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாகத் தம் நாடு ஏற்காது என்று அதே தோகாயேவ் சொன்னார். ஜூலை தொடக்கத்தில், கசகஸ்தானின் எண்ணெய் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு செல்லும் காஸ்பியன் குழாயை முப்பது நாள் நிறுத்தும்படி ரஷ்யத் துறைமுக நகரமான நோவொரோசிஸ்கின் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாள்களில் அது அபராதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதற்கு ஆவணச் சான்று இல்லை. கசகஸ்தானின் தலைநகரான அஸ்தானாவில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பரில் ஷி ஜின்பிங் வந்தார். பெருந்தொற்றுக்குப் பின் அவர் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணத்தின் முதல் நிறுத்தம் கசகஸ்தான். உலக நிலைமை எப்படி மாறினாலும் அந்நாட்டின் இறையாண்மைக்கும் நிலப்பரப்பின் ஒருமைப்பாட்டுக்கும் சீனா துணை நிற்கும் என்று சொன்னார். யாருக்கு எதிராக என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

அதற்காகக் கசகஸ்தான் சீனாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெளிநாட்டவருக்கு விவசாய நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடும் சட்டத் திருத்தத்தை எதிர்த்து 2016-இல் அதிராவ் உள்ளிட்ட நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தபோது, அவர்கள் அஞ்சியது சீனர்களைக் கண்டுதான். அரசு பின்வாங்கியது, 2021-இல் வெளிநாட்டவருக்கு விவசாய நிலத்தை விற்பதும் குத்தகைக்கு விடுவதும் சட்டத்தாலேயே தடை செய்யப்பட்டன. 2025 ஜூனில் பால்காஷ் ஏரிக்கரையில் முதல் அணுமின் நிலையம் அமைக்கும் பணியை ரஷ்யாவின் அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் தலைமையிலான கூட்டமைப்புக்குத் தருவதாக அறிவித்த அதே நாளில், இரண்டாவது நிலையத்தைச் சீன நிறுவனம் கட்டும் என்றும் கசக அதிகாரிகள் தெரிவித்தார்கள். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இரண்டு சம்பந்திகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுகிற கலை அது.

ரஷ்யாவிடம் மிஞ்சியிருப்பது என்ன? ரஷ்ய மொழி, தஜிகிஸ்தானில் 201-ஆவது ராணுவத் தளம், கிர்கிஸ்தானில் காந்த் விமானத் தளம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலி வேலை. ரஷ்யாவிலிருந்து தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், சில ஆண்டுகளில், தஜிகிஸ்தானின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதியைத் தொட்டிருக்கிறது. சீனா அந்த வேலைகளைத் தராது. தன் திட்டங்களுக்கே தன் ஆட்களை அழைத்து வருகிறது. ஆனால் 2024 மார்ச்சில் மாஸ்கோ அருகே இசை அரங்கில் நடந்த தாக்குதலுக்குப் பின் மத்திய ஆசியத் தொழிலாளர்கள்மீது சோதனையும் வெளியேற்றமும் கூடிவிட்டன. தன் கையில் இருக்கும் வலுவான சீட்டை ரஷ்யாவே கிழித்துக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: சீனா–கிர்கிஸ்தான்–உஸ்பெகிஸ்தான் ரயில் பாதை ஏன் இத்தனை ஆண்டுகள் இழுத்தது?

முதல் புரிந்துணர்வு 1997-இல். மூன்று நாட்டு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம் 2024 ஜூனில். தொடக்க விழா அந்த ஆண்டு டிசம்பரில். பணம், மலை, கிர்கிஸ்தானின் ஆட்சிக் கவிழ்ப்புகள் எல்லாம் காரணம்தான். ஆனால் இந்தப் பாதை ரஷ்யாவையும் கசகஸ்தானையும் தொடாமல் சீனாவின் காஷ்கரிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அந்திஜானுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உக்ரைன் போர் தொடங்கிச் சில மாதங்களில், புதினுக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்று கிர்கிஸ்தான் அதிபர் ஜபாரோவ் வெளிப்படையாகச் சொன்னார். தன் நாட்டுக்குள் போடும் ரயில் பாதைக்கு இன்னொரு நாட்டுத் தலைவரின் ஆட்சேபமின்மையைச் செய்தியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

மீதி பாதி தண்டவாளத்தில் இருக்கிறது. சீனாவின் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். ஜார் காலத்திலிருந்து வந்து, சோவியத் நாடுகளில் இன்றும் நிலைத்திருக்கும் பாதை 1,520. கையால் அளந்தால் ஒரு சாண்கூட வராத இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக, கசக எல்லையிலுள்ள கோர்கோஸில் இரண்டு ரயில்கள் அருகருகே நிறுத்தப்படுகின்றன; மேலே நகரும் மஞ்சள் நிறப் பாலத் தூக்கிகள் சரக்குப் பெட்டகங்களை ஒவ்வொன்றாக இந்த வண்டியிலிருந்து தூக்கி அந்த வண்டியில் வைக்கின்றன. மீட்டர் கேஜ் காலத்தில் வண்டி மாறி ஏறியவர்களுக்கு இதன் அலுப்பை விளக்க வேண்டியதில்லை. புதிய பாதையில் சீன அகலம் கிர்கிஸ்தானின் மலைகளைத் தாண்டி மக்மல் வரை வரும். அங்கேதான் மாற்று நிலையம். ரஷ்ய அகலத்தின் எல்லை, அந்த ஓரிடத்தில், நாட்டின் எல்லையிலிருந்து உள்ளே தள்ளிப்போகிறது.

கேள்வி: விளாடிவோஸ்டாக்கைச் சீனா ஒரு நாள் திரும்பக் கேட்குமா?

இப்போதைக்குக் கேட்காது. 1858-இன் ஐகுன் உடன்படிக்கையிலும் 1860-இன் பீக்கிங் உடன்படிக்கையிலும் அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசு ரஷ்யாவிடம் இழந்தது, இன்று விளாடிவோஸ்டாக் இருக்கும் நிலம் உள்பட, ஏறத்தாழ பத்து லட்சம் சதுர கிலோமீட்டர். சீனப் பள்ளிகளில் இவை சமனற்ற உடன்படிக்கைகள் என்றே கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் 2001-இன் நல்லுறவு உடன்படிக்கையில், ஒருவர் மீது மற்றவருக்கு நில உரிமைக் கோரிக்கை இல்லை என்று இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2008-இல் கபரோவ்ஸ்க் நகருக்கு எதிரேயுள்ள தீவுகளில் ஒன்றை முழுமையாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் ரஷ்யா விட்டுக்கொடுத்ததோடு எல்லை வரையறை முடிந்தது.

இருந்தாலும் 2023 பிப்ரவரியில், வரைபடங்களில் விளாடிவோஸ்டாக் உள்ளிட்ட ஊர்களின் பழைய சீனப் பெயர்களையும் குறிக்கச் சீன அமைச்சகம் விதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான அதிகாரபூர்வ வரைபடம் பாதியாகப் பிரிக்கப்பட்ட அந்தத் தீவை முழுவதும் சீனாவுடையதாகவே காட்டியது. எல்லைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சகம் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தது. போர்க்காலத்தில் அதற்கு மேல் சொல்ல அதற்கு வசதியில்லை.

கேள்வி: தஜிகிஸ்தான் சீனாவுக்கு நிலம் கொடுத்தது உண்மையா?

உண்மை. 2011-இல் பாமீர் மலைப்பகுதியில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். சீனா முதலில் கேட்டது இதைப்போலப் பல மடங்கு என்பதால், தஜிகிஸ்தான் அரசு இதைத் தன் வெற்றியாகவே சொல்லிக்கொண்டது.

கேள்வி: மங்கோலியா இரண்டுக்கும் நடுவில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

எரிபொருளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வருகிறது. ஏற்றுமதியில் ஏறத்தாழ அதே அளவு சீனாவுக்குப் போகிறது. ஆகவே இருவரையும் பகைக்க முடியாது. 2016 நவம்பரில் தலாய் லாமா உலான்பத்தருக்கு வந்து போனதும், நிலக்கரி லாரிகள் எல்லை தாண்டும் கஷுன் சுகைத் சாவடியில் சீனா கூடுதல் கட்டணம் விதித்தது; ஒரு மாதத்துக்குள், இந்த அரசு இருக்கும்வரை தலாய் லாமாவுக்கு அழைப்பு இல்லை என்று மங்கோலிய வெளியுறவு அமைச்சர் சொல்லிவிட்டார். 2024 செப்டம்பரில் புதின் வந்தபோது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடான மங்கோலியா அவர் மீதிருந்த அந்த நீதிமன்றத்தின் பிடியாணையைச் செயல்படுத்தவில்லை.

மங்கோலியா வழியாகச் சீனாவுக்கு ஆண்டுக்கு 5,000 கோடி கன மீட்டர் எரிவாயு கொண்டு செல்லும் “சைபீரியாவின் ஆற்றல் 2” குழாய்க்கு 2025 செப்டம்பரில் கேஸ்ப்ரோம் குறிப்பாணையில் கையெழுத்திட்டது. அந்த அறிவிப்பிலும் விலை முடிவாகவில்லை. ஐரோப்பியச் சந்தையை இழந்த ரஷ்யாவுக்குத்தான் அவசரம். கடைக்காரர் அவசரப்பட்டால் வாங்குபவர் ஏன் விலையை ஏற்ற வேண்டும்?

கேள்வி: வடகொரியா விஷயத்தில் சீனாவுக்கு மனத்தாங்கல் இருக்கிறதா?

இருக்கிறது என்பதற்கு துமென் ஆற்றைப் பாருங்கள். சீனாவின் ஃபாங்சுவான் சிற்றூரில் உள்ள பார்வைக் கோபுரத்தில் நின்றால் சீனா, ரஷ்யா, வடகொரியா மூன்றும் தெரியும். ஜப்பான் கடல் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கடைசி நீட்சியின் ஒரு கரை ரஷ்யா, மறு கரை வடகொரியா. 1950-களின் இறுதியில் கட்டிய தாழ்வான ரயில் பாலம் வேறு குறுக்கே கிடப்பதால் பெரிய கப்பல்கள் போக இயலாது. சீனப் படகுகள் கடலுக்குச் செல்வது குறித்து வடகொரியாவுடன் பேசுவோம் என்று 2024 மே மாதம் பெய்ஜிங்கில் வெளியான கூட்டறிக்கையில் புதின் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே பியோங்யாங் சென்று ராணுவ உதவி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 2025 ஏப்ரலில் அதே ஆற்றின் மீது ரஷ்யாவும் வடகொரியாவும் புதிய சாலைப் பாலம் கட்டத் தொடங்கின.

கேள்வி: சென்னை–விளாடிவோஸ்டாக் கடல்வழிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. விளாடிவோஸ்டாக் இருக்கும் ரஷ்யாவின் தூர கிழக்குப் பகுதி சீனப் பணத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பது மாஸ்கோவின் நெடுநாளைய கவலை; 2019 செப்டம்பரில் மோடி விளாடிவோஸ்டாக் சென்றபோது இந்த வழி அறிவிக்கப்பட்டதை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தூரம் சுமார் 5,600 கடல் மைல். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் வருகின்றன. ஆனால் 2024-25-இல் ரஷ்யாவிலிருந்து இந்தியா வாங்கியது 6,300 கோடி டாலருக்கு மேல், விற்றது 500 கோடிக்கும் குறைவு. விளாடிவோஸ்டாக் கடைவீதியில் சீனப் பொருளுக்கு இந்தியா மாற்றாக வர வேண்டுமானால், சென்னையிலிருந்து போகும் கப்பலில் ஏற்றுவதற்குப் போதிய சரக்கு முதலில் சேர வேண்டும். அது இன்னும் சேரவில்லை.