வாசல் கதவை நாமே மாற்றலாமா?

கேள்வி: தலைவாசல் கதவின் அடிப்பக்கம் உளுத்துவிட்டது. நிலை தேக்கு, நன்றாகத்தான் இருக்கிறது. கதவை மட்டும் ஆசாரி இல்லாமல் மாற்ற முடியுமா? (வாசகர், மேலூர்)

பதில்: முடியும். ஆனால் நிலையைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். படியிலிருந்து ஓர் அடி உயரம் வரை, சுவரை ஒட்டிய ஓரத்தில் திருப்புளி முனையை வைத்து அழுத்துங்கள். பொசுக்கென்று இறங்கினாலோ, சுத்தியலால் தட்டும்போது பொக்கையாகக் கேட்டாலோ கரையானோ உளுப்போ உள்ளே இருக்கிறது. அப்படியானால் நிலைக்கு வழி செய்யாமல் புதுக் கதவுக்குக் காசு போடுவது வீண்.

அளவைப் பழைய கதவில் எடுக்காதீர்கள். பல வருஷம் இழைபட்டு அது கோணியிருக்கும். கதவு உட்காரும் காடிக்குள் அகலத்தை மூன்று இடத்திலும் உயரத்தை இரண்டு பக்கமும் எடுத்து, மூலைக்கு மூலையும் பிடித்துப் பாருங்கள். மேலேயும் பக்கங்களிலும் 3 மி.மீ. இடைவெளி போதும், இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சேர்த்து வைத்த கனம். அடியில் 6 மி.மீ. விடுங்கள். பூட்டு வரும் விளிம்பில், மூடும்போது முதலில் உள்ளே நுழையும் பக்கத்தை 2 மி.மீ. சரித்து இழைத்தால் இடிக்காது.

ஏழடிக்கு மூன்றரை அடி, ஒன்றரை அங்குலக் கனத் தேக்குக் கதவு 40 முதல் 55 கிலோ வரை வரும். தூக்க இரண்டு பேர் வேண்டும். 5 அங்குலக் கீல் நான்கு வேண்டும். மேல் கீல் உச்சியிலிருந்து 7 அங்குலம், அடிக் கீல் தரையிலிருந்து 10 அங்குலம். இழுவை மேலேதான் அதிகம் என்பதால் இரண்டாவதை மேல் கீலுக்குக் கிட்டேயே வையுங்கள். உளியால் கொத்தும் பள்ளம் கீல் தகட்டின் கனத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழமாகிவிட்டால் கதவு கீல் பக்கம் முட்டி, மூடினாலும் தானே திறந்துகொள்ளும். அட்டைத் துண்டை வெட்டிக் கீல் தகட்டுக்கு அடியில் வைத்துச் சரிசெய்யலாம்.

பித்தளைத் திருகாணி தேக்கில் தலை முறிந்துபோகும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, சோப்புத் தடவிப் பித்தளையைப் போடுங்கள். நிலையில் பழைய துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய மரக்குச்சியை அடித்து அடைத்து, மறுநாள் துளையிடுங்கள். கதவை ஆப்பு வைத்து நிறுத்தி, கீலுக்கு ஒரு திருகாணி மட்டும் போட்டு மூடித் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால்தான் மிச்சத்தை முடுக்க வேண்டும்.

உங்கள் கதவு அடியில் உளுத்ததற்குக் காரணம், தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர். கதவை மாட்டிய பிறகு வார்னிஷ் அடிக்கிறவர்கள் அடிவிளிம்பை விட்டுவிடுகிறார்கள். நெட்டுச் சட்டத்தின் வெட்டு முனை அங்கேதான் ஈரத்தை உறிஞ்சும். மாட்டும் முன்பே அடியிலும் உச்சியிலும் மூன்று பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழை பிடித்தால் கதவு இறுகிவிடுகிறது. உடனே இழைத்துவிடலாமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: அவசரப்படாதீர்கள். விளிம்பு முழுக்க சாக்பீஸ் தேய்த்து மூடித் திறந்து பாருங்கள். பூட்டுப் பக்க மேல்மூலையில் மட்டும் அழிந்திருந்தால் மரம் ஊதவில்லை, கதவு தொங்குகிறது. மேல் கீலின் திருகாணியை முடுக்கினாலே போதும். நெடுக அழிந்திருந்தால்தான் ஊதல். மரம் அகலத்தில் ஊதும், நீளத்தில் அவ்வளவாக ஊதாது. இப்போது இழைத்தால் சித்திரை வெயிலில் சுருங்கி விரல் நுழையும் சந்து விழும். மெழுகு தேய்த்து ஓட்டுங்கள். தை, மாசியில் காய்ந்த பிறகும் உரசினால் உரசும் இடத்தை மட்டும் சீவி, அன்றைக்கே பூச்சு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கொல்லைப்புற வாசலுக்கு ஃப்ளஷ் கதவு (இரு பக்கமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு) போடலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: மேலே சன்ஷேடு இருந்தால் போடலாம். ஃப்ளஷ் கதவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2202 முத்திரை பார்த்து, தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். அளவு சரியாகவே வாங்க வேண்டும். ஓரச் சட்டத்தைத் தாண்டி அறுத்தால் உள்கட்டை வெளியே தெரிந்து தண்ணீர் குடிக்கும். சாரல் நேராக அடிக்கிற இடமென்றால் வேண்டாம்.