312ஆவது பிரிவைப் படித்துவிட்டுப் பேசுவோம்

கேள்வி: அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2022இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டுவிட்டது. மலேசியாவிலும் அது குற்றம்தான். ஆனாலும் கிளினிக்குகளில் ரகசியமாக நடந்துகொண்டே இருக்கிறது. தாய்மையைத் தெய்வமாகக் கும்பிடும் நம் சமூகத்தில் இந்தச் சிசுக்கொலையை அனுமதிக்கலாமா? எந்த விதிவிலக்கும் இல்லாமல் அரசாங்கம் தடை செய்தால் என்ன? (வாசகர் ஒருவர், பட்டர்வொர்த்)

பதில்: இரண்டு தகவல்களையுமே தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஐயா. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை எதுவும் போடவில்லை. கருக்கலைப்பு அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று 1973இல் அளித்த தீர்ப்பை 2022 ஜூனில் ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. சில மாநிலங்கள் தடை செய்தன, சில மாநிலங்கள் உரிமையை இன்னும் கெட்டிப்படுத்தின.

மலேசியாவில் அது முழுக்க முழுக்கக் குற்றம் என்பதும் சரியில்லை. நம் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 312ஆவது பிரிவைப் பாருங்கள். கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, கரு அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டுவரை என்று சொல்லிவிட்டு, அதே பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவளுடைய உடல்நலமோ மனநலமோ கெடும், கலைப்பதால் வரும் ஆபத்தைவிட அது பெரிது என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கருவைக் கலைப்பது குற்றமாகாது. மனநலம் என்ற சொல் 1989 திருத்தத்தில் வந்தது. கணவர் கையெழுத்து வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அரசு மருத்துவமனைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2012இல் வழிகாட்டியே வெளியிட்டது.

இது நம் பெண்களுக்குத் தெரியாது. பல தாதியருக்கும் தெரியாது. தெரிந்த மருத்துவர்கள் சிலர் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் சொல்லும் ரகசியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததையே சொல்கிறேன். 2014இல் புக்கிட் மெர்தாஜாமில், கிளினிக்கில் கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு நேப்பாளப் பெண்மீது வழக்குப் போட்டார்கள். பினாங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். 312ஐ விட்டுவிட்டு, குழந்தை உயிரோடு பிறப்பதைத் தடுப்பது பற்றிய 315ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. பிறகு மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சரி. ஆனால் அதற்குள் அவர் சிறைக்குள் போய்விட்டார். மொழி தெரியாத ஊர், கையில் காசில்லை, பக்கத்தில் சொந்தம் என்று யாருமில்லை.

பிறையிலும் பாயான் லெப்பாசிலும் இப்படி எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள்! வெளிநாட்டுத் தொழிலாளி கர்ப்பமானால் மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். பெர்மிட் போகும், ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். பிள்ளை பெற்றாலும் தண்டனை, கலைத்தாலும் தண்டனை என்று ஒரு பெண்ணைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, அவளிடம் தாய்மையின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

விதிவிலக்கே இல்லாமல் தடை போட்டால் என்ன என்கிறீர்கள். கிட்டத்தட்ட அப்படிப் போட்டுப் பார்த்த நாடு இருக்கிறது. ருமேனியா 1966இல் மிகச் சில காரணங்களைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பதும் அரிதானது. முதல் ஓரிரு ஆண்டுகள் பிறப்புகள் ஏறின. அப்புறம் பெண்கள் திருட்டு வழிகளைத் தேடிக்கொண்டார்கள். பிரசவம், கருச்சிதைவு தொடர்பாகப் பெண்கள் சாவது ஐரோப்பாவிலேயே அங்கேதான் அதிகம் என்ற நிலை வந்தது. 1989 கடைசியில் ஆட்சி கவிழ்ந்ததும் அந்தத் தடை போனது; சாவுகளும் மளமளவென்று குறைந்தன.

அயர்லாந்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. சவிதா ஹலப்பனவர், இந்தியாவிலிருந்து போன பல் மருத்துவர், வயது 31. ஆசையாகச் சுமந்த குழந்தை. 17ஆவது வாரத்தில் கரு கலையத் தொடங்கிவிட்டது, இனிப் பிழைக்காது என்று மருத்துவமனைக்கே தெரியும். கருவை எடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். இதயத் துடிப்பு இன்னும் இருக்கிறது, சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். கிருமி இரத்தத்தில் பரவி, 2012 அக்டோபரில் அவர் இறந்துபோனார். 2018 மே மாதம் அந்த நாட்டு மக்கள், மூன்றில் இரண்டு பங்குப் பேர், அந்தத் தடையை நீக்க வாக்களித்தார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம் என்ற விதிவிலக்கு அங்கே சட்டத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அது இருந்தும், ஆபத்து முற்றும்வரை மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்களோ அந்த விதிவிலக்குகூட வேண்டாம் என்கிறீர்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். கருவைக் கலைக்கப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோபுரோஸ்டோல் என்ற இரண்டு மாத்திரைகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. முதலாவது மலேசியாவில் பதிவாகவே இல்லை. ஆனாலும் கைப்பேசியில் தேடினால் விற்பவர் கிடைக்கிறார். வங்கிக் கணக்கில் பணம் போட்டதும் கூரியரில் ஒரு சிறு பொட்டலம் வருகிறது. அட்டையும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை, எத்தனை மாத்திரை, எத்தனை மணி இடைவெளி என்ற குறிப்பும் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று குளியலறைத் தரையில் உட்கார்ந்து அதை விழுங்கும் பெண், இரத்தம் நிற்காவிட்டாலும் பொது மருத்துவமனைக்குப் போகப் பயப்படுகிறாள். போலீசைக் கூப்பிடுவார்களோ என்ற பயம். வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கவலை இல்லை. கோலாலம்பூரில் தனியார் மருத்துவரைப் பார்க்கிறாள், இல்லாவிட்டால் வெளிநாட்டுக்குப் போகிறாள். நீங்கள் கேட்கும் தடை வந்தால், அந்தக் குளியலறையில் இருப்பவள்தான் சாவாள்.

கரு உயிர்தானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அது உயிர்தான், இதை லேசாக எடுத்துக்கொள்ளும் பெண்ணை நான் பார்த்ததில்லை. கர்ப்பம் வளர வளர அந்தக் கேள்வி கனக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பல நாடுகள் வாரக் கணக்கு வைத்திருக்கின்றன. ஆனால் ஆறு வாரக் கருவையும் பிறந்த குழந்தையையும் ஒன்றாக்கி 'சிசுக்கொலை' என்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் சமயம் இதைப் பாவம் என்றால், உங்கள் வீட்டில் அதைப் பின்பற்றுங்கள்; அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. வல்லுறவுக்கு ஆளான பதினைந்து வயதுப் பிள்ளையையும் அதைச் சொல்லிச் சட்டத்தால் கட்டிப்போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நம் சட்டத்தில் வல்லுறவு என்பது தனிக் காரணமாக இல்லை. மனநலம் என்ற அந்த ஒரே வாசல் வழியாகத்தான் அந்தப் பிள்ளை போக வேண்டும். அதையும் மூடச் சொல்கிறீர்கள்.

நம் சமூகம் என்றீர்கள். அதன் இன்னொரு பக்கத்தையும் பேசுவோம். மகள் காதலித்தவன் வேறு சாதி, வேறு மதம் என்று தெரிந்ததும், அவள் அழ அழ கிளினிக்குக்கு இழுத்துப் போகும் பெற்றோர் நம்மிடம் உண்டு. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைத்தால் 313ஆவது பிரிவின்படி இருபது ஆண்டுவரை சிறை. குடும்ப மானம் என்று அதைச் செய்துவிட்டு, மறுவாரம் கோயிலில் அர்ச்சனை செய்பவர்களைப் பற்றி யாரும் எனக்குக் கேள்வி அனுப்புவதில்லை. கலைக்கச் சொல்லி நெருக்குவதும் பெறச் சொல்லி நெருக்குவதும் எனக்கு ஒரே குற்றமாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை.

சட்டப்படி அனுமதிக்கலாமா என்றால், அனுமதிக்க வேண்டும் என்பதே என் பதில். தொடக்க வாரங்களில் அந்த முடிவைப் பெண்ணும் அவளுடைய மருத்துவரும் எடுக்கட்டும். அதற்கு மேல், உடல்நலம், மனநலம், வல்லுறவு, பிழைக்க வழியில்லாத கரு என்று காரணங்களைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதட்டும். மனசாட்சி இடம் தரவில்லை என்னும் மருத்துவர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கே அவளை வேறொரு மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண் இந்த நிலையில் நின்றால், கூரியர் மாத்திரைக்குப் போக விடாதீர்கள். பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவுக்குக் கூடவே போங்கள். முடியாது என்று சொன்னால், 312இன் விலக்கைக் காட்டி, என்ன காரணத்தால் மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், தாமதிக்காதீர்கள்.