பந்துக் கணக்கில் வரும் –1 வினாடி

மாடியிலிருந்து மேல்நோக்கி எறிந்த பந்து எப்போது தரையைத் தொடும் என்று கணக்கிட்டால் 3 வினாடி, –1 வினாடி என இரண்டு விடைகள் வருகின்றனவே, இந்த –1 கணிதம் சொல்லும் பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த –1 வினாடி கணிதத்தின் பொய் இல்லை. நீங்கள் பந்தை எறிந்த கணம் எது என்று சமன்பாட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 15 மீட்டர் உயர மாடி, மேல்நோக்கி 10 மீ/வி, ஈர்ப்பு முடுக்கம் 10 என்று போட்டிருக்கிறீர்கள். சமன்பாடு முழுப் பரவளையத்தையும், அதாவது பந்தின் உயரம் நேரத்தோடு ஏறி இறங்கும் முழு வளைகோட்டையும் தருகிறது. ‘பூஜ்யத்திலிருந்து தொடங்கு’ என்ற நிபந்தனை நம் தலைக்குள்தான் இருக்கிறது.

சரி, –1-ஐ வேகச் சூத்திரத்தில் (வேகம் = 10 – 10 × நேரம்) போட்டுப் பாருங்கள். 20 மீ/வி வரும். அதாவது, ஒரு வினாடி முன்பே யாராவது தரையிலிருந்து அந்த வேகத்தில் எறிந்திருந்தால், பந்து உங்கள் கையருகே அதே 10 மீ/வி-இல் கடந்திருக்கும். எனக்கு இது பிடித்த கணக்கு!

ஆனால் வேண்டாத விடையை எப்போதும் அடித்துவிடாதீர்கள். 1928-இல் இயற்பியலாளர் டிராக் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாட்டிலும் எதிர்ம ஆற்றல் விடைகள் வந்து தொல்லை கொடுத்தன. அவற்றை அடித்துவிடாமல் யோசித்ததில், எலக்ட்ரானைப் போலவே ஆனால் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. 1932-இல் ஆண்டர்சன் என்ற இயற்பியலாளர் அந்தத் துகளை, அதாவது பாசிட்ரானை, கண்டுபிடித்தார்.