கேள்வி–பதில்: மனித உரிமைப் பாடத்துக்குப் படக்கதையா?

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். மனித உரிமைப் பாடத்தை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. கிராஃபிக் நாவலை வைத்து நடத்தலாமா? ‘பொம்மைப் புத்தகமா?’ என்று சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள்.
– ஆசிரியை ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தாராளமாக நடத்தலாம். பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி 1957-இல் அமெரிக்காவில் பத்து சென்ட் விலையில் வெளிவந்த படக்கதை, அறவழிப் போராட்டத்தைக் கற்றுக்கொடுக்கவே அச்சிடப்பட்டது என்று சிரிப்பவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது ‘பீமாயணம்’. அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகளைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதியர் வரைந்த நூல் இது. 2011-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து தமிழுக்கும் வந்திருக்கிறது. இதில் வழக்கமான கட்டங்கள் கிடையாது. பரிவோடு பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவக் குமிழிக்குள்ளும், சாதி வெறியோடு பேசுகிறவர்களின் சொற்கள் தேள்கொடுக்கு முளைத்த குமிழிக்குள்ளும் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட, எந்தப் பேச்சு கொட்டுகிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

நூல் முழுவதையும் நடத்த முயலாமல், 1901-இல் சிறுவன் பீமராவ், அதாவது அம்பேத்கர், வீட்டுப் பிள்ளைகளோடு தந்தையைப் பார்க்கப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கும் பகுதியை மட்டும் இரண்டு பாடவேளைகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அன்போடு விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், அவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மகர் சாதியினர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். ஆனால் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தபோது, இரட்டைக் கூலிக்கு ஒரு வண்டி கிடைக்க வழி செய்பவரும் அவரே. பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த இரவு கழிகிறது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பறவைக் குமிழியா, தேள் குமிழியா என்று கேட்டு வகுப்பை விவாதிக்க விடுங்கள். சீக்கிரத்தில் முடியாது, முடிக்கவும் அவசரப்படாதீர்கள்.

சாதி போன்ற காரணங்களால் பொது இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 15(2)-ஆம் பிரிவை அதற்குப் பிறகு வாசித்துக் காட்டுங்கள். கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று சட்டம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவது ஏன் என்பதை அப்போது நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவை அதோடு சேர்த்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?’ என்று எந்தப் பிள்ளையையும் வகுப்பின் நடுவே எழுப்பிக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பும் பிள்ளை தானாக உங்களிடம் வரட்டும். விவாதம் படத்தில் இருப்பவர்களைப் பற்றியதாகவே இருக்கட்டும்.