கோப்பைத் திறப்பது யார் வேலை?

கேள்வி: பைதானில் எழுதிய என் புரோகிராம் அறிக்கையைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, உடனே திறந்தும் காட்ட வேண்டும். என் கணினியில் உள்ள பிடிஎஃப் ரீடரின் முழுப் பாதையையும் கோடில் எழுதியிருக்கிறேன். எனக்குத் திறக்கிறது, நண்பரின் கணினியில் பிழை வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பாதையை முதலில் எடுத்துவிடுங்கள். நண்பர் பிடிஎஃப்பை பிரவுசரிலேயே படிப்பவராக இருக்கலாம். எதை எதில் திறப்பது என்பது அவர் விருப்பம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அது தெரியும். கோப்பின் பெயரை மட்டும் அதனிடம் கொடுத்துவிட்டு நம் புரோகிராம் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை.

விண்டோஸ் என்றால் பைதானின் ஓஎஸ் மாட்யூலில் ஸ்டார்ட்ஃபைல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மேக், லினக்ஸ் இரண்டிலும் அது கிடையாது. மேக்கில் 'ஓப்பன்', லினக்ஸ் டெஸ்க்டாப்பில் 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' கட்டளையை, வேறு புரோகிராம்களை ஓட்டித் தரும் சப்ப்ராசஸ் மாட்யூல் வழியாகக் கூப்பிட வேண்டும். கட்டளை ஒன்று, கோப்புப் பெயர் இன்னொன்று என்று லிஸ்ட்டாகவே கொடுங்கள். இரண்டையும் ஒரே வரியாக ஒட்டி ஷெல்லிடம் (கட்டளை வரிகளைப் படித்து ஓட்டும் புரோகிராம்) கொடுத்தால், 'மார்ச் அறிக்கை' என்று பெயரில் ஓர் இடைவெளி வந்தாலே அது இரண்டு கோப்புகளாகிவிடும். பெயரில் அரைப்புள்ளி இருந்தால் இன்னும் ஆபத்து: அதற்குப் பின்னால் இருப்பதை ஷெல் தனிக் கட்டளையாகவே ஓட்டப் பார்க்கும்.

சரி, திறந்துவிட்டது. அப்புறம்? பலர் தடுமாறுவது இங்கேதான். ஸ்டார்ட்ஃபைல் ரீடரைக் கிளப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். பயனர் படித்து மூடும்வரை காத்திருக்காது. தற்காலிகக் கோப்புதானே என்று அடுத்த வரியிலேயே அழித்தால், ரீடர் வந்து தேடும்போது கோப்பு இருக்காது. பழைய கோப்புகளை அடுத்த முறை புரோகிராம் தொடங்கும்போது அழிப்பதே என் வழக்கம். அதேபோல, எழுதி முடித்த கோப்பை க்ளோஸ் செய்த பிறகே திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பகுதி வட்டுக்குப் போய்ச் சேராமல், பாதி அறிக்கை தெரியும்.

கோப்பின் பெயர் வெளியிலிருந்து வருகிறதா? அப்படியானால் நீட்டிப்பை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) கட்டாயம் சரிபாருங்கள். ஸ்டார்ட்ஃபைல் என்பது டபுள் கிளிக் செய்வதற்குச் சமம். பிடிஎஃப் என்றால் திறக்கும். இஎக்ஸ்இ என்றால் ஓடவே தொடங்கிவிடும்.

சி ஷார்ப் வாசகர்களுக்கும் ஒரு வரி: பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் கோப்பைத் திறந்த ப்ராசஸ் ஸ்டார்ட், டாட்நெட் கோருக்கு மாறியதும் பிழை தந்தால், திறக்கும் வேலையை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் விடும் யூஸ்ஷெல்எக்ஸிக்யூட் அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். ஃபிரேம்வொர்க்கில் அது தானாகவே ட்ரூ, கோரில் ஃபால்ஸ்.